பெல்ட்டுக்காகப் பிறந்த இருக்கை

பூஸ்டர் சீட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு முதலில் ஏமாற்றம்தான் வரும். கெட்டியான நுரையிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு மணை, மேலே துணியுறை, இரண்டு பக்கமும் கை வைக்கிற மேடு மாதிரி இரண்டு கொம்பு. அவ்வளவுதான். பிள்ளையைப் பிடித்துவைக்க இதற்கென்று ஒரு வார்கூடக் கிடையாது. கைக்குழந்தைக்கான இருக்கையில் ஐந்து முனை வார், பூட்டு, தலைக்கு இருபுறமும் தடுப்பு என்று எத்தனையோ இருக்கும். அதன் பக்கத்தில் இதை வைத்தால், இதையெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்றே தோன்றும். வீட்டிலிருக்கிற தலையணையை மடித்துப் போட்டால் ஆகாதா?

ஆகாது. ஏன் ஆகாது என்பதில்தான் இந்த மணை பிறந்த கதை இருக்கிறது. வளர்ந்த பிள்ளை இதை எப்போது விடலாம் என்று பெற்றோர் கேட்கிற கேள்விக்கு விடையும் அதே கதைக்குள்தான்.

பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கிற யோசனை பழசு. 1930களிலும் 40களிலும் அமெரிக்காவில் விற்ற குழந்தை இருக்கைகள் காரின் முன்னிருக்கை முதுகில் கொக்கி போட்டுத் தொங்கும். பிள்ளை வெளியே வேடிக்கை பார்க்கும். வண்டி ஓட்டுகிறவர் மேல் ஏறி விழாது. சிலவற்றில் பொம்மை ஸ்டியரிங்கும் உண்டு. விபத்தைப் பற்றி யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. பெரியவர்களுக்கே பெல்ட் இல்லாத காலம் அது. பிரேக்கை ஓங்கி அழுத்தினால் பிள்ளையும் கொக்கியும் சேர்ந்தே முன்னால் பாயும். அந்தத் தொங்கு இருக்கையைப் பூஸ்டரின் மூதாதையாகச் சொல்லத் தோன்றும். நான் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் உயரம் ஒன்றுதான் பொது. பூஸ்டரைப் பெற்றெடுத்தது சீட் பெல்ட்.

இன்று எல்லாக் கார்களிலும் இருக்கிற மூன்று முனை பெல்ட்டைச் செய்தவர் ஸ்வீடன்காரர் நில்ஸ் போலின். சாப் நிறுவனத்தில், ஆபத்து வேளையில் விமானியை விமானத்திலிருந்து வெளியே தூக்கியெறிகிற இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். 1958-ல் வால்வோவுக்கு வந்தார். அதுவரை கார்களில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு முனை பெல்ட்டுகள். மடியில் மட்டும் கட்டுவது ஒரு வகை; மார்புக்குக் குறுக்கே போட்டு வயிற்றருகே பூட்டுவது இன்னொரு வகை. மோதலில் அந்தப் பூட்டே உள்ளுறுப்புகளைக் குத்தியது.

போலின் போட்டது எலும்புக் கணக்கு. மோதுகிற நொடியில் உடம்பின் பாரத்தைச் சதை தாங்கக் கூடாது, எலும்பு தாங்க வேண்டும். மேலே காறை எலும்பும் விலாக்கூடும், கீழே இடுப்பெலும்பு. ஒரே வாரை மடி மேலும் மார்பு மேலும் ஓடவிட்டு, பூட்டை வயிற்றிலிருந்து நகர்த்தி இடுப்புக்குப் பக்கத்தில் தாழ வைத்தார். ஒரு கையால் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். 1959 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரத்து விற்பனையாளருக்குப் போன வால்வோ பி.வி. 544 காரில் அது முதன்முதலாக வந்தது. காப்புரிமையை வால்வோ தன்னோடு வைத்துக்கொள்ளாமல் எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. 1967-ல் போலின், ஸ்வீடனில் வால்வோ கார்கள் சிக்கிய 28,000 விபத்துகளை ஆராய்ந்த அறிக்கையை அமெரிக்காவில் படித்தார். பெல்ட் இல்லாதவர்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திலேயே செத்திருந்தார்கள். பெல்ட் போட்டவர்களில் 100 கிலோமீட்டருக்குக் கீழே சாவு இல்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றி. ஆனால் அந்த எலும்புக் கணக்கு முழுவதும் வளர்ந்தவர் எலும்பை வைத்துப் போட்டது.

பெரியவர் யாரும் தன் இடுப்பின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் இருபுறமும் துருத்திய எலும்பு முனை கைக்குத் தட்டுப்படும். மடி பெல்ட் மேலே ஏறாமல் தடுப்பது அந்த முனைதான். பெல்ட் அதற்குக் கீழே, தொடை தொடங்குகிற இடத்தில் படிந்திருந்தால், எவ்வளவு இழுத்தாலும் முனை அதைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளையின் இடுப்பில் இந்த முனை சரியாக எழுந்திருப்பதில்லை. இடுப்பெலும்பு சிறியது, உருண்டையானது, பாதி குருத்தெலும்பு. ஆறு வயதுப் பெண்ணின் இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்தால் நிற்காமல் வழுகுவது மாதிரி, பெல்ட்டும் பிடி கிடைக்காமல் வயிற்றுக்கு ஏறிவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பர்டி, ஹியூல்க், ஸ்னைடர், லோரி நால்வரும் 1969-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் உடற்கூற்று அளவுகளோடு எடுத்துச் சொன்னது. அந்த இடுப்பு முனை பெல்ட்டுக்குப் பிடிகொடுக்கிற அளவுக்கு வளரப் பத்து வயதாகும். குழந்தையைச் சிறிய பெரியவராக எண்ணிப் பெல்ட் கட்டக் கூடாது என்பது கட்டுரையின் சாரம்.

பெல்ட் வயிற்றுக்கு ஏறினால் என்ன ஆகும் என்பது மருத்துவர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. காரெட், பிரவுன்ஸ்டைன் என்ற இருவர் 1962-லேயே அதற்கு ‘சீட் பெல்ட் சிண்ட்ரோம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். வயிற்றுக்குக் குறுக்கே பெல்ட் பதிந்த கன்றல், உள்ளே குடல் கிழிசல், சிலருக்கு முதுகெலும்பு முறிவு. உடம்பு பெல்ட்டின் மேல் கத்தி போல மடிவதால் முதுகெலும்பின் கண்ணி பின்னாலிருந்து பிளந்து திறந்துகொள்ளும். ஜி.க்யூ. சான்ஸ் என்ற பிரிட்டிஷ் கதிர்ப்பட மருத்துவர் 1948-ல் விவரித்த முறிவு அது. பின்னாளில் மடி பெல்ட்டின் அடையாளமாகவே ஆகிப்போனது. இவற்றில் கொடுமை என்னவென்றால் பெல்ட் வேலை செய்திருக்கிறது. பிள்ளை காருக்குள்ளேயே இருக்கிறது, தலையில் கீறல் இல்லை. வயிற்றுக்குள் நடந்தது சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

இடுப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தொடை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. என் கணிப்பில் இரண்டில் முக்கியமானது இதுதான். காரின் பின்னிருக்கை பெரியவர் தொடைக்கு ஏற்றபடி நீளமானது, பொதுவாக 45 சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் தொடை அவ்வளவு நீளமில்லை. முதுகு இருக்கையில் படிய உட்கார்ந்தால் முழங்கால் விளிம்பை எட்டாது. கால் குச்சிபோல நீட்டிக்கொண்டு நிற்கும். ஐந்து நிமிடம் அப்படி இருக்கலாம். பிறகு பிள்ளை தானாகவே முன்னால் நகர்ந்து, முழங்காலை விளிம்பில் மடித்து, முதுகை வளைத்துச் சரிந்து உட்காரும். அதட்டிப் பயனில்லை, அது குறும்பு இல்லை. அப்படிச் சரிந்ததும் இடுப்பு பின்னால் சாயும், மடி பெல்ட் தொடையை விட்டு வயிற்றுக்கு வரும், தோள் பெல்ட் கழுத்தை அறுக்கும். கழுத்து உறுத்துகிறது என்று பிள்ளை அதை அக்குளுக்குக் கீழே இறக்கிவிடும், இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். போலின் எண்ணியெண்ணி வைத்த மூன்று முனையில் இப்போது ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை.

கைக்குழந்தைகளின் கதை தனியாக நடந்துகொண்டிருந்தது. கோத்தன்பர்க் நகரத்துச் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் படித்தது மருத்துவம். ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் கிளம்பும் வேகத்தை முதுகால் தாங்கிப் படுத்திருக்கிற இருக்கையைப் பார்த்து, குழந்தையையும் பின்னோக்கி உட்காரவைத்தால் மோதலின் விசையை முதுகு முழுவதும் பங்குபோட்டுக்கொள்ளுமே என்று யோசித்தார். 1964-ல் முதல் மாதிரி ஒரு வால்வோவில் சோதிக்கப்பட்டது. 1972-ல் வால்வோவின் பின்னோக்கு இருக்கை கடைக்கு வந்தது. ஸ்வீடனில் இன்றும் நான்கு வயது வரை பிள்ளைகள் பின்னோக்கித்தான் உட்காருகிறார்கள்.

நான்கு வயதுக்குப் பிறகு? பின்னோக்கு இருக்கைக்குக் கால் நீண்டுவிட்டது, பெல்ட்டுக்கு உடம்பு பத்தாது. இடையில் ஏழெட்டு வருடம் வெற்றிடம். வால்வோ 1970 முதல் விபத்து நடந்த இடத்துக்கே போய் ஆராய்கிற ஒரு குழுவை வைத்திருந்தது. கூடவே எழுபதுகளின் தொடக்கத்திலேயே அதன் பின்னிருக்கைகளுக்கும் மூன்று முனை பெல்ட் வந்துவிட்டது. இந்த இரண்டாவது செய்தியை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு, கொஞ்சத்தில் வருகிறேன்.

1978-ல் வால்வோ வெளியிட்ட விடை அசட்டுத்தனமாகத் தோன்றுகிற அளவுக்கு எளிது. பெல்ட்டைப் பிள்ளைக்கேற்ப மாற்ற முடியாதென்றால் பிள்ளையைப் பெல்ட்டுக்கேற்ப உயர்த்து. கெட்டியான ஒரு மணை. அதில் உட்கார்ந்தால் தோள் பெல்ட் கழுத்திலிருந்து இறங்கித் தோளின் நடுவுக்கு வரும். மணையின் ஆழம் காரிருக்கையைவிடக் குறைவு, ஆகவே முழங்கால் விளிம்பில் மடியும், பிள்ளைக்குச் சரிய வேண்டிய அவசியம் இல்லை. இருபுறமும் கொம்பு. மடி பெல்ட் அந்தக் கொம்புகளுக்குக் கீழே போவதால் வயிற்றுக்கு ஏறாமல் தொடைமேல் படிந்து நிற்கும். பிள்ளையின் இடுப்பில் இல்லாத எலும்பு முனையின் வேலையைக் கொம்பு செய்கிறது. உலகின் முதல் பூஸ்டர் மணை அதுதான்.

தலையணை ஏன் ஆகாது என்பதும் இப்போது விளங்கும். தலையணைக்குக் கொம்பு இல்லை. அதோடு மோதலில் அது அமுங்கும், அமுங்கினால் பெல்ட் தளரும், தளர்ந்த பெல்ட்டுக்கு அடியில் பிள்ளை வழுகிப்போகும். பொறியாளர்கள் இந்த வழுக்கலுக்கு நீர்மூழ்கிக் கப்பலின் பேரால் ‘சப்மரைனிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூஸ்டர் செய்கிற வேலையெல்லாம் அதைத் தடுப்பதுதான். பிள்ளையைப் பிடிப்பது எப்போதும் காரின் பெல்ட்டே.

அடுத்து வந்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 1990-ல் வால்வோ 960 காரின் பின்னிருக்கை நடுவில் கை வைக்கிற திண்டை இறக்கினால் அதுவே பூஸ்டராகிற ஏற்பாடு வந்தது. 2007-ல் இருக்கைக்குள்ளேயே இரண்டு உயரங்களில் எழும் பூஸ்டர். காரைச் செய்கிறவன்தான் பிள்ளைக்கும் இருக்கை செய்ய வேண்டும், கடைக்காரன் அல்ல என்கிற கட்சிக்காரன் நான். மற்ற நிறுவனங்களில் சில மட்டுமே இதைத் தொட்டன. பெற்றோர் தனியாக வாங்கிக்கொள்வார்கள் என்றிருக்கும்போது காரின் விலையை யார் ஏற்றுவார்கள்?

அமெரிக்காவில் இந்த மணை நேரே போய்ச் சேரவில்லை. காரணம் பின்னிருக்கை. அங்கே கார்களின் பின்னிருக்கையில் தோள் பெல்ட் கட்டாயமானது 1989 டிசம்பரில்தான். அதற்கு முன் பெரும்பாலான கார்களில் பின்னால் மடி பெல்ட் மட்டும். தோள் பெல்ட் இல்லாத இடத்தில் பிள்ளையை மணையில் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசம். மேலுடம்பு தடையில்லாமல் முன்னால் மடிந்து தலை எதிலாவது மோதும். ஆகவே எண்பதுகளில் அங்கே விற்றது ‘ஷீல்டு பூஸ்டர்’ என்ற வேறொரு சாமான். பிள்ளையின் வயிற்றுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, அதைச் சுற்றி மடி பெல்ட். போட எளிது, விலை மலிவு, பார்க்கவும் பத்திரமாகத் தெரியும். மோதலில் பிள்ளை அந்தத் தடுப்பின் மேல் மடிந்தது. சில பிள்ளைகள் அதைத் தாண்டியே வெளியே எறியப்பட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1996-ல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

குழந்தை இருக்கையைச் சட்டமாக்கியதில் மட்டும் அமெரிக்கா முந்திக்கொண்டது. டென்னசி மாநிலத்துக் குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ் சட்டமன்றத்தை விடாமல் நச்சரித்து, 1978 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த நாட்டின் முதல் குழந்தை இருக்கைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதிலும் ஓர் ஓட்டை: பெரியவர் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டால் சரி என்று எழுதிவிட்டார்கள். அதை அடைக்க 1981 வரை ஆயிற்று. 1985-க்குள் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்தது. ஆனால் அவை பெரும்பாலும் மூன்று நான்கு வயதோடு முடிந்தன. நான்கு வயது, சுமார் 18 கிலோ. அதைத் தாண்டிய பிள்ளை சட்டத்தின் கண்ணில் பெரிய ஆள். பாதுகாப்பு வட்டாரத்தில் இவர்களை ‘மறக்கப்பட்ட பிள்ளைகள்’ என்றே சொல்லத் தொடங்கினார்கள்.

1996-ல் வாஷிங்டன் மாநிலத்தில் கார் உருண்ட ஒரு விபத்தில் ஆண்டன் என்ற நான்கு வயதுச் சிறுவன் வெளியே எறியப்பட்டு இறந்தான். பெரியவர் பெல்ட் போட்டிருந்தான். சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்திருந்தது. அவனுடைய தாய் விடவில்லை. 2000-ல் வாஷிங்டன், பூஸ்டரைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலமானது. 2002 டிசம்பரில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டத்துக்கு ‘ஆண்டன் சட்டம்’ என்றே பெயர். அந்தச் சட்டம் இரண்டு முக்கியமான வேலைகளைச் செய்தது. பின்னிருக்கையின் நடு இடத்துக்கும் தோள் பெல்ட் வேண்டும் என்றது. பத்து வயதுப் பிள்ளையின் அளவில் சோதனைப் பொம்மை வேண்டும் என்றது.

பொம்மை என்றதும் சிரிக்கக் கூடாது. மோதல் சோதனையில் உட்காரவைக்கிற அந்தப் பொம்மை இல்லாவிட்டால், அந்த அளவுப் பிள்ளைக்கு எந்த இருக்கை பத்திரம் என்று சோதிக்கவே வழியில்லை. ஆறு வயதுப் பொம்மை இருந்தது, சிறிய பெண் அளவில் ஒன்று இருந்தது, நடுவில் ஆளில்லை. சுமார் 35 கிலோ எடையுள்ள பத்து வயதுப் பொம்மை அமெரிக்கத் தரவிதிக்குள் நுழைந்தது 2012-ல். சட்டம் கேட்டதற்கும் பொம்மை வந்ததற்கும் இடையில் பத்தாண்டு. அப்போது நான்கு வயதாயிருந்த பிள்ளைகள் பூஸ்டரே தேவைப்படாத வயதுக்கு வளர்ந்துவிட்டார்கள். ஐரோப்பாவின் யூரோ என்கேப் சோதனைக்கும் பத்து வயதுப் பொம்மை வந்தது 2016-ல்தான்.

இதற்கிடையில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, பிள்ளைகள் இருந்த கார்களின் விபத்துகளை ஆயிரக்கணக்கில் திரட்டிக்கொண்டிருந்தது. 2000-ல் வந்த முதல் முடிவுகளில் ஒன்று: இரண்டிலிருந்து ஐந்து வயது வரையிலான பிள்ளைகளைக் குழந்தை இருக்கையிலிருந்து எடுத்துப் பெல்ட்டில் மட்டும் உட்காரவைத்தால் பெரிய காயம் ஆகிற வாய்ப்பு 3.5 மடங்கு. 2003-ல் டர்பின், எலியட், வின்ஸ்டன் மூவரும் நான்கு முதல் ஏழு வயதைக் கணக்கிட்டார்கள்: வெறும் பெல்ட்டைவிடப் பூஸ்டரில் காய அபாயம் 59 சதவீதம் குறைவு. 2009-ல் எட்டு வயதையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டபோது 45 சதவீதம். எண் இறங்கியது என்று சிலர் பிடித்துக்கொண்டார்கள். பாதி அபாயத்தைக் குறைக்கிற, விலை குறைந்த இன்னொரு சாமானை அவர்கள் காட்டட்டும்.

சரி, எப்போது விடலாம்?

இந்தக் கேள்வியை முதலில் நேராக எடுத்துக்கொண்டவர்களில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்த கேத்லீன் கிளினிச்சும் அவருடைய குழுவும் உண்டு. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கார்களில் பூஸ்டரோடும் இல்லாமலும் உட்காரவைத்து, பெல்ட் எங்கே படிகிறது, பிள்ளை எப்படிச் சரிகிறது என்று அளந்தார்கள். 1994-ல் வந்த விடை: நின்ற உயரம் 148 சென்டிமீட்டர், உட்கார்ந்த உயரம் 74 சென்டிமீட்டர், எடை 37 கிலோ. அதற்குக் கீழே பெரியவர் பெல்ட் பொருந்தாது. வயது அந்த விடையில் இல்லை.

இன்று அமெரிக்காவில் எல்லோர் வாயிலும் இருப்பது 4 அடி 9 அங்குலம், சுமார் 145 சென்டிமீட்டர். குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அதைத்தான் சொல்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் அந்த உயரத்துக்கு வருவார்கள் என்று கூடவே ஒரு வயதையும் சொல்கிறது. பெற்றோர் காதில் அந்த எட்டு மட்டும் விழுந்துவிடுகிறது. எட்டு வயதில் 145 சென்டிமீட்டர் தொடுகிற பிள்ளை வகுப்பில் எல்லோரையும்விட நெட்டையாக இருக்கும். நடுத்தர உயரப் பிள்ளைக்குப் பதினொன்று ஆகும்.

வாஷிங்டன் மாநிலத்துச் சட்டம் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் இந்த அறிவு மெல்ல மெல்ல ஊறியது தெரியும். 2000-ல் எழுதியபோது ஆறு வயது அல்லது 27 கிலோ. 2007-ல் எட்டு வயது அல்லது 4 அடி 9 அங்குலம். 2020 ஜனவரி முதல் 4 அடி 9 அங்குலம் மட்டும், வயதைத் தூக்கியெறிந்துவிட்டார்கள். ஐரோப்பா தொடக்கத்திலிருந்தே உயரம் பேசியது, ஆனால் ஒரு குரலில் பேசவில்லை. 2003-ஆம் ஆண்டு ஆணை 150 சென்டிமீட்டர் என்றது. விரும்புகிற நாடுகள் 135-ஓடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னது. ஜெர்மனி 150 அல்லது பன்னிரண்டு வயதில் நிற்கிறது. பிரிட்டன் 135 அல்லது பன்னிரண்டு வயது. பூஸ்டரைப் பெற்ற ஸ்வீடனும் 135. எலும்பு நாட்டுக்கு நாடு மாறுவதில்லை என்பதால் இதை அரசியல் பேரம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எண்ணை விடப் பயனுள்ளது, கலிஃபோர்னியாவின் சேஃப்டிபெல்ட்சேஃப் யு.எஸ்.ஏ. அமைப்பு பரப்பிய ஐந்து கேள்விகள். இதற்கு அளவுகோல் வேண்டாம், பிள்ளையும் காரும் போதும். பூஸ்டர் இல்லாமல் உட்காரவைத்து, முதுகு முழுவதும் இருக்கையில் படிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் படிந்தபடியே முழங்கால் விளிம்பில் இயல்பாக மடிகிறதா. தோள் பெல்ட் கழுத்துக்கும் புயத்துக்கும் நடுவில் போகிறதா. மடி பெல்ட் தொடையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்திருக்கிறதா. ஐந்தாவது, பயணம் முழுவதும் பிள்ளை இப்படியே உட்கார்ந்திருக்குமா. முதல் நான்கும் கடைக்காரர் முன்னால், பெரிய பிள்ளை என்று காட்டிக்கொள்கிற ஆசையில் விறைப்பாக உட்கார்ந்து தேறிவிடும் கேள்விகள். ஐந்தாவதுக்கு விடை இரண்டு மணி நேரம் கழித்து, பிள்ளை தூங்கிச் சாய்ந்த பிறகுதான் கிடைக்கும். ஒன்றுக்கு ‘இல்லை’ என்று வந்தாலும் மணை திரும்ப வர வேண்டும்.

இன்னொன்று. விடை பிள்ளைக்குப் பிள்ளை மட்டுமல்ல, காருக்குக் காரும் மாறும். இருக்கை ஆழம் குறைந்த சிறிய காரில் தேறுகிற பிள்ளை சித்தப்பாவின் பெரிய வண்டியில் தோற்கும். ஆகவே பூஸ்டரை ஒரு குறிப்பிட்ட பிறந்தநாளில் தூக்கிப் பரணில் போட முடியாது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் சில வண்டிகளில் தேவைப்படும், சிலவற்றில் தேவைப்படாது. விட்ட பிறகும் பதின்மூன்று வயது வரை பின்னிருக்கைதான்.

இந்தியாவில் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சீட் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பாதுகாக்காமல் ஏற்றிச் செல்கிறவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. பதினான்கு என்று வயதைத் தாராளமாக வைத்த அந்தப் பிரிவு, பெல்ட்டா இருக்கையா என்கிற தேர்வைப் பெற்றோரிடமே விட்டுவிட்டது. உயரம் பற்றிப் பேச்சே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் பெல்ட்டைப் போட்டுவிட்டால் அபராதம் தப்பும். நம் சாலைகளில் ஓடுகிற பழைய கார்கள் பலவற்றில் பின்னிருக்கை நடுவில் இன்னும் மடி பெல்ட்தான். பூஸ்டர் வாங்கியவர் தெரியாமல் அதை நடுவில் வைத்தால் எண்பதுகளின் அமெரிக்கக் கதை இங்கே திரும்ப நடக்கும். பூஸ்டர் வைக்கிற இடத்துக்குத் தோள் பெல்ட் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

பத்து வயதுப் பிள்ளைக்கு இடுப்பெலும்பைப் பற்றிக் கவலை இல்லை. பள்ளி வாசலில் இறங்கும்போது நண்பர்கள் பார்க்கிறார்களா என்பதுதான் கவலை. பூஸ்டர் செய்கிறவர்கள் இப்போது வியாபாரம் செய்வது பெரும்பாலும் இந்த வெட்கத்தோடுதான். முதுகு இல்லாத தட்டை மணைகள் வந்தன. பிரிட்டன் 2017-ல், புதிதாக அனுமதி கேட்டு வருகிற அப்படிப்பட்ட மணைகள் 125 சென்டிமீட்டரையும் 22 கிலோவையும் தாண்டிய பிள்ளைகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது; சிறிய பிள்ளைக்குத் தலைக்கும் தோளுக்கும் பக்கவாட்டில் தடுப்பு வேண்டும் என்பது காரணம். வட அயர்லாந்திலிருந்து பபிள்பம் என்று காற்றடித்து நிரப்பி, மடித்துப் பைக்குள் வைக்கிற பூஸ்டர் வந்தது. 2015-ல் இஸ்ரேலிலிருந்து மைஃபோல்ட். அது பிள்ளையை உயர்த்துவதே இல்லை. சிறிய ஒரு தட்டு, அதிலிருக்கிற கொக்கிகள் மடி பெல்ட்டையும் தோள் பெல்ட்டையும் கீழே இழுத்துப் பிள்ளையின் அளவுக்குக் கொண்டுவருகின்றன. 1978-ல் செய்ய முடியாது என்று விட்ட வேலை: பிள்ளையை அதன் இடத்தில் விட்டுவிட்டுப் பெல்ட்டை நகர்த்துவது. புத்திசாலித்தனமான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டின் மேல் உட்கார்ந்த பிள்ளைக்குக் காரிருக்கையின் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. முழங்கால் இன்னும் விளிம்பை எட்டாத பிள்ளை அதிலும் சரிந்துதான் உட்காரும்.